வீட்டு லேத்தில் டிஆர்ஓ பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பட்டறையில் சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவர்கள் ஒரு கட்டத்தில் டிஜிட்டல் ரீட்அவுட், சுருக்கமாக டிஆர்ஓ, வாங்கலாமா என்று யோசிப்பார்கள். லேத்தின் ஸ்லைடு எவ்வளவு நகர்ந்தது என்பதை ஒரு ஸ்கேலும் அதன் மேல் ஓடும் ரீடிங் ஹெட்டும் அளக்க, அதைத் திரையில் எண்ணாகக் காட்டும் கருவி இது. வாங்குவது சுலபம், பெட்டியைத் திறந்த பிறகுதான் சந்தேகங்கள் வரிசையாக வரும். அப்படி வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. டிஆர்ஓவோடு சேர்த்துப் பயன்படும் டூல் போஸ்ட் (டூலைப் பிடிக்கும் தாங்கி), ஸ்டாப், டெயில்ஸ்டாக் (லேத்தின் வலக்கோடியில் உள்ள தாங்கி) ஸ்கேல் போன்ற துணைக்கருவிகளும் பின்னால் வருகின்றன.

கைப்பிடியிலேயே டயல் இருக்கிறதே, டிஆர்ஓ எதற்கு?

டயல் திருகின் சுழற்சியை அளக்கிறது. டிஆர்ஓ, டூலைத் தாங்கி நகரும் ஸ்லைடின் நகர்வை நேரடியாக அளக்கிறது. திருகுக்கும் நட்டுக்கும் இடையே இருக்கும் தளர்வான பேக்லாஷ், திருகின் தேய்மானம், பிட்ச்சில் (மரைகளின் இடைவெளியில்) உள்ள பிழை எல்லாம் டயலில் ஏறிவிடும், டிஆர்ஓவில் ஏறாது. எத்தனை சுற்று சுற்றினோம் என்று எண்ணிக்கொண்டே இருக்கும் வேலையும் போய்விடும். போரிங் (துளையின் உட்புறத்தைக் கடைவது) செய்யும்போது எந்தப் பக்கம் சுற்றினால் கூடும், எந்தப் பக்கம் குறையும் என்று குழம்புபவர்களுக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் டிஆர்ஓ வந்துவிட்டால் பேக்லாஷைப் பற்றிக் கவலையே இல்லை என்பது தவறு. எண் சரியாகத்தான் காட்டும். அந்த எண்ணில் ஸ்லைடு நிற்க வேண்டுமே! வெட்டும் விசை இழுத்தால் பேக்லாஷ் அளவுக்கு ஸ்லைடு நகரும், திரையும் அதை அப்படியே காட்டும். எனவே ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்தும் பழக்கத்தை விட வேண்டாம்.

ஜிப் தளர்ந்த பழைய லேத். முதலில் டிஆர்ஓ போடலாமா?

வேண்டாம். ஸ்லைடின் ஆட்டத்தைப் போக்கும் பட்டையான ஜிப்பைச் சரிசெய்யுங்கள், ஸ்லைடுகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விடுங்கள், அப்புறம் பார்க்கலாம். ஆடுகிற ஸ்லைடின் ஆட்டத்தை மூன்று தசம இடம் வரை காட்டுவதற்குச் செலவு செய்வதில் பயனில்லை.

கிளாஸ் ஸ்கேல், மேக்னடிக் ஸ்கேல், கேலிப்பர் மாதிரியான ஸ்கேல்: எதை வாங்குவது?

கிளாஸ் ஸ்கேலில், கண்ணாடிப் பட்டை மீது மிக நெருக்கமான கோடுகள் இருக்கும். ரீடிங் ஹெட்டில் உள்ள ஒளி அந்தக் கோடுகளின் ஊடாகச் சென்று சென்சாரில் விழும்; ஒன்றுக்கொன்று கால் சுழற்சி தள்ளி இரண்டு சிக்னல்கள் கிடைக்கும். எது முந்தி வருகிறது என்பதை வைத்து நகரும் திசை தெரியும். 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியுள்ள கோடுகளிலிருந்து 5 மைக்ரான் படி கிடைப்பது, ஒரு இடைவெளியில் நான்கு மாற்றங்களை எண்ணுவதால்தான். விலைக்கேற்ற துல்லியம் உண்டு, பரவலாகக் கிடைக்கும். ஆனால் பருமன் அதிகம், வாங்கிய நீளத்தை வெட்டிக் குறைக்க முடியாது, உள்ளே எண்ணெயும் தூசியும் போனால் எண்ணிக்கை தவறும்.

மேக்னடிக் ஸ்கேல் என்பது வட, தென் துருவங்கள் மாறி மாறிப் பதிக்கப்பட்ட ஒரு நாடா. அதை வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். எண்ணெய், கூலண்ட் எதுவும் அதைப் பாதிக்காது, இடமும் குறைவாகவே பிடிக்கும். இரும்புத் துகள் அதில் ஒட்டும் என்பது உண்மை. நாடாவுக்கு மேல் வரும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையை அவ்வப்போது துடைத்தால் போதும். டயல் கேஜின் (சிறு நகர்வை முள்ளால் காட்டும் கருவி) மேக்னடிக் பேஸை மட்டும் அதன் அருகில் கொண்டுபோகக் கூடாது. நாடாவின் துருவங்கள் கெட்டுவிடும்.

டிஜிட்டல் கேலிப்பரைப் போன்ற கெபாசிட்டிவ் ஸ்கேல்கள் மலிவு. கூலண்ட் ஈரம் பட்டாலே எண்கள் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடும். டெயில்ஸ்டாக்கில் வைக்க நல்லது, டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் கணக்கில் சின்ன லேத்துக்கு நல்ல சேர்க்கை இது: கிராஸ் ஸ்லைடுக்கு மேக்னடிக், பெட்டுக்கு (லேத்தின் நீளமான அடித்தளம்) கிளாஸ் அல்லது மேக்னடிக். இரண்டு வகையையும் கலந்து போடுவதாக இருந்தால், இரண்டின் சிக்னலும் உங்கள் டிஸ்பிளே ஏற்கும் வகைதானா, கனெக்டரின் பின் வரிசை ஒத்துப்போகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கனெக்டர் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வயர் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

5 மைக்ரான் போதுமா, 1 மைக்ரான் வேண்டுமா?

பெட் நீளத்துக்கு 5 மைக்ரான் தாராளம். கிராஸ் ஸ்லைடில் கதை வேறு. ஸ்லைடு 1 மி.மீ. நகர்ந்தால் ஜாப்பின், அதாவது கடையும் துண்டின், விட்டம் 2 மி.மீ. குறைகிறது. ஆகவே 5 மைக்ரான் ஸ்கேல், விட்டக் கணக்கில் 0.01 மி.மீ. படியாகத்தான் காட்டும். பேரிங் உட்காரும் இடத்தைக் கடையும்போது அந்தப் படி பெரியது. கிராஸ் ஸ்லைடு நகரும் எக்ஸ் அச்சுக்கு 1 மைக்ரான் வாங்குங்கள், விட்டத்தில் 0.002 மி.மீ. படி கிடைக்கும்.

என்ன நீளத்துக்கு ஆர்டர் செய்வது?

ஸ்லைடை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, அது முட்டும் வரை, நகர்த்தி அளந்துகொள்ளுங்கள். வழக்கமாகப் பயன்படுத்தும் தூரத்தை மட்டும் அளந்தால், என்றாவது ஒருநாள் ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுக்கும்போது ஹெட் ஸ்கேலின் முனையில் மோதும். கிளாஸ் ஸ்கேலில் விளம்பரத்தில் போடுவது அளக்கும் நீளம்; வெளி நீளம் அதைவிடக் கணிசமாக அதிகம். வரைபடத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு, அட்டையில் அதே அளவுக்கு வெட்டி லேத்தில் வைத்துப் பாருங்கள். டெயில்ஸ்டாக் இடிப்பதும் மோட்டார் கவர் இடிப்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கிராஸ் ஸ்லைடில் ஸ்கேலை எந்தப் பக்கம் வைப்பது?

இந்த முழு வேலையிலும் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். இரண்டு பக்கமும் குறை உண்டு.

டெயில்ஸ்டாக் பக்கம் வைத்தால் வெட்டுப்பட்ட உலோகச் சுருளும் கூலண்டும் குறைவாகப் படும். பெரும்பாலானோர் இங்கேதான் வைக்கிறார்கள். ஆனால் ஸ்கேலின் பருமன் அளவுக்கு டெயில்ஸ்டாக் சேடிலை (கிராஸ் ஸ்லைடைத் தாங்கி பெட் மீது நகரும் பகுதி) நெருங்க முடியாமல் போகும்; அதை ஈடுகட்ட டெயில்ஸ்டாக்கிலிருந்து நீளும் உருளையான குவில்லை அதிகம் நீட்ட வேண்டும், நீட்டினால் விறைப்பு குறையும். பல லேத்களில் கேரேஜை (சேடில் உள்பட பெட் மீது நகரும் முழுத் தொகுதி) லாக் செய்யும் போல்ட் சேடிலின் வலப்பக்கத்தில்தான் இருக்கும், ஸ்கேல் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஜிப் திருகுகளும் அந்தப் பக்கம் இருந்தால் ஸ்கேலைக் கழற்றாமல் ஜிப்பைத் தொட முடியாது.

ஸ்பிண்டில் (ஜாப்பைச் சுழற்றும் தண்டு) இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம் வைத்தால் டெயில்ஸ்டாக்கும் லாக்கும் தப்பும். ஆனால் சூடான சுருள் நேராக ஸ்கேல் மீது விழும், ஜாப்பைப் பிடிக்கும் சக்கின் தாடைகள் வெளியே நீண்டிருந்தால் ஸ்கேலில் இடிக்கலாம். நீளமான ஜாப்பைத் தாங்கும் டிராவலிங் ஸ்டெடி பொருத்தும் துளைகளும் பொதுவாக இந்தப் பக்கம்தான்.

எதைத் தேர்ந்தாலும் சில வழிகள் உண்டு. லாக் போல்ட்டுக்கு மேல் ஸ்கேல் வருமானால், போல்ட்டின் தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் நீட்டும் சிறு கைப்பிடி செய்து போடலாம். ஜிப் திருகுகளுக்கு நேராக, ஸ்கேலைத் தாங்கும் தட்டில் ஆலன் சாவி நுழையும் துளைகள் போடலாம். கிராஸ் ஸ்லைடின் லாக் திருகு மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிஆர்ஓ வந்த பிறகு அதைத்தான் அதிகம் பயன்படுத்துவீர்கள்.

பெட் பக்கம்?

அது எளிது. ஸ்கேல் பெட்டின் பின்புறம், ஹெட் சேடிலின் பின்முகத்தில். ஸ்கேலின் ரப்பர் உதடுகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும், மேலே ஒரு மடித்த தகடு கூரையாக இருக்க வேண்டும். கூம்பு வடிவம் கடைய உதவும் டேப்பர் டர்னிங் அட்டாச்மென்ட்டுக்காகச் சேடிலின் பின்னால் ஏற்கெனவே மரை போட்ட துளைகள் இருந்தால் அவற்றையே பயன்படுத்தலாம். சேடிலை அடியில் பிடித்திருக்கும் பின் தட்டின் போல்ட்டுகளில் மட்டும் பிராக்கெட்டைச் சொருக வேண்டாம். அவற்றின் இறுக்கம் மாறினால் சேடில் நகரும் விதமே மாறிவிடும்.

ஸ்கேல் எவ்வளவு நேராக இருக்க வேண்டும்?

கொஞ்சம் சாய்ந்தால் அளவு கெட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 மி.மீ. நீளத்தில் ஸ்கேல் 1 மி.மீ. சாய்ந்திருந்தால், முழு நீளத்துக்கும் வரும் பிழை சுமார் 1.7 மைக்ரான். சாய்வு 0.1 மி.மீ.தான் என்றால் பிழை அதில் நூறில் ஒரு பங்கு. வீட்டு லேத்தில் அது கணக்கிலேயே வராது.

அப்படியானால் ஏன் டயல் கேஜ் வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார்கள்? கிளாஸ் ஸ்கேலில் ஹெட் உள்ளே சிறு சக்கரங்களில் கண்ணாடி மீது ஓடுகிறது. ஸ்கேல் சாய்ந்தால் ஒரு முனையில் ஹெட் இழுபடும், மறு முனையில் அழுந்தும். நாளடைவில் ஹெட் சாகும், சில சமயம் கண்ணாடியே உடையும். மேக்னடிக் ஸ்கேலில் ஹெட்டுக்கும் நாடாவுக்கும் உள்ள இடைவெளி கூடினால் எண்ணிக்கை தவறும். ஆகவே டயல் கேஜைச் சேடிலில் பிடித்து, முனையை ஸ்கேலின் மேல்முகத்தில் வைத்து முழு நீளமும் ஓட்டுங்கள். பிறகு பக்க முகத்திலும் ஓட்டுங்கள். இரண்டிலும் 0.1 மி.மீ.க்குள் வந்தால் இறுக்கிவிடலாம். ஸ்கேலோடு வரும் கலர் பிளாஸ்டிக் கிளிப்புகள் ஹெட்டைச் சரியான இடைவெளியில் பிடிப்பவை. எல்லாத் திருகும் இறுகிய பிறகுதான் அவற்றை எடுக்க வேண்டும்.

வார்ப்பின் முகம் கரடுமுரடாக இருக்கும், பெயின்ட்டும் இருக்கும். அதன் மேல் நேராக ஸ்கேலை இறுக்கினால் ஸ்கேல் வளையும். நடுவில் ஒரு அலுமினியத் தட்டு வைத்து, அதன் நான்கு மூலைகளில் தள்ளு திருகுகள் போட்டு நிமிர்த்துவது நல்ல வழி.

நேர்த்தியைவிட முக்கியமானது பிராக்கெட்டின் விறைப்பு. பொருத்தி முடித்ததும் ஹெட்டின் பிராக்கெட்டை ஒரு விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள், கண் திரையில் இருக்கட்டும். எண் ஓடிவிட்டு விரலை எடுத்ததும் திரும்பி வந்தால், அந்தப் பிராக்கெட் மெலிது; திரும்பி வராவிட்டால் எங்கோ தளர்ந்திருக்கிறது. 2 மி.மீ. தகட்டை எல் வடிவில் மடித்துச் செய்த பிராக்கெட்டுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

வார்ப்பிரும்பில் துளை போடப் பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம், பொறுமை போதும். எம்4 மரைக்கு 3.3 மி.மீ. டிரில், எம்5க்கு 4.2 மி.மீ. வார்ப்பிரும்பில் கிராஃபைட் இருப்பதால் எண்ணெய் விடாமலே வெட்டும். எம்4க்கு 6 முதல் 8 மி.மீ. ஆழ மரை தாராளமாகத் தாங்கும். கிராஸ் ஸ்லைடைக் கழற்றி, டவ்டெயில் (ஸ்லைடைப் பிடித்திருக்கும் சாய்வான பள்ளம்) பக்கச் சுவரின் தடிப்பை அளந்த பிறகே துளை போடுங்கள். டிரில் மறுபக்கம் துளைத்து வந்தால் அந்தப் பிசிறு, ஸ்லைடு வழுக்கி ஓடும் முகமான வழியைக் கீறும். வார்ப்பிரும்புத் தூள் எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் பசையைப் போல் தேய்க்கும். வழிகளை மூடிவைத்து, தூளை வாக்யூமில் இழுத்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தால் மிச்சத்தையும் எடுங்கள்.

காம்பவுண்ட் ஸ்லைடுக்கும் ஒரு ஸ்கேல் வேண்டுமா?

கிராஸ் ஸ்லைடின் மேல் இருக்கும், கோணத்தில் திருப்பக்கூடிய சிறு ஸ்லைடுதான் காம்பவுண்டு. மூன்று அச்சு டிஸ்பிளேக்கள் அதன் நகர்வை இசட் அச்சோடு (பெட்டின் நீளவாக்கு) கூட்டிக் காட்டும். சில, கோணத்தையும் கணக்கில் எடுக்கும். எனக்கு அது அவசியமாகத் தோன்றவில்லை. டிஆர்ஓ வந்த பிறகு காம்பவுண்டைத் தொடும் வேலையே குறைந்துவிடும். சிலர் அதைக் கழற்றிவிட்டு ஒரு கெட்டியான இரும்புக் கட்டையை வைத்து டூல் போஸ்ட்டை அதன் மேல் ஏற்றுகிறார்கள், விறைப்பு கூடுகிறது.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். காம்பவுண்டைப் பெட்டின் நீளவாக்கிலிருந்து கிட்டத்தட்ட 5.74 டிகிரிக்குத் திருப்பி வைத்தால், அது 0.1 மி.மீ. நகரும்போது டூல் உள்நோக்கி 0.01 மி.மீ. மட்டும் போகும். மெல்லிய கட் எடுப்பதற்கான பழைய உத்தி இது. இப்படி நகர்த்துவது கிராஸ் ஸ்லைடில் உள்ள ஸ்கேலுக்குத் தெரியாது, திரையில் எண் மாறாது.

பொருத்தியாயிற்று. அளவு சரியா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் திசை. கிராஸ் ஸ்லைடை உங்கள் பக்கம் இழுத்தால் எண் கூட வேண்டும். கேரேஜை டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்தினால் கூட வேண்டும். மாறியிருந்தால் செட்டிங்கில் திசையைத் திருப்பலாம். எக்ஸ் அச்சு ஆரக் கணக்கில் இருக்கிறதா, விட்டக் கணக்கில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிறகு பெட்டில் ஒரு கட்டையை அசையாமல் பிடித்து, சேடிலில் வைத்த டயல் கேஜை அதில் தொட்டு ஜீரோ செய்யுங்கள். டிஆர்ஓவையும் ஜீரோ செய்யுங்கள். பின்வாங்கி, நடுவே 50 மி.மீ. ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவுக் கட்டை) வைத்து, டயல் முள் மறுபடி அதே ஜீரோவுக்கு வரும் வரை நெருங்குங்கள். திரை 50.000க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். வித்தியாசம் தூரத்தோடு சீராகக் கூடினால் டிஸ்பிளேயின் லீனியர் காம்பன்சேஷனில் திருத்தலாம். ஒழுங்கில்லாமல் மாறினால் அது பிராக்கெட்டின் வேலை.

திரையில் 25.000, மைக்ரோமீட்டரில் 25.03. எது பொய் சொல்கிறது?

இரண்டும் இல்லை. டிஆர்ஓ சொல்வது ஸ்லைடு நிற்கும் இடத்தை. ஜாப்பின் அளவு வேறு பல விஷயங்களைப் பொறுத்தது. வெட்டும்போது ஜாப் விலகுகிறது, டூல் பின்னால் வளைகிறது, டூல் போஸ்ட் மெல்லத் திரும்புகிறது. கட் ஆழமானால் விலகலும் அதிகம், டூல் மழுங்கினால் இன்னும் அதிகம். மெல்லிய நீளமான ஜாப்பை சக்கில் மட்டும் பிடித்தால், வெளி முனை பருத்தும் சக் பக்கம் சரியாகவும் வரும்; திரையில் எண் கடைசி வரை ஒன்றேதான்.

சூடும் உண்டு. ஸ்டீல் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 50 மி.மீ. விட்டமுள்ள ஜாப் அறை வெப்பத்தைவிட 30 டிகிரி சூடாக இருந்தால் 0.017 மி.மீ. பெரிதாக அளக்கும். கையால் தொட்டால் சுடுகிற ஜாப்பில் மைக்ரோமீட்டர் வைத்துப் பேரிங் அளவு முடிக்க முடியாது.

எனக்குப் பிடித்த முறை இது. கடைசி இரண்டு கட்டுகளையும் ஒரே ஆழத்தில் எடுப்பது. இலக்கு 25.00 என்றால் 26.00 வரை ரஃப் செய்துவிட்டு, திரையில் 25.50க்கு வந்து, கிராஸ் ஸ்லைடை லாக் செய்து ஒரு கட். ஆறவிட்டு மைக்ரோமீட்டரில் அளந்தால் 25.53 என்று வரட்டும். டூலை நகர்த்தாமல் அந்த 25.53ஐ எக்ஸ் அச்சில் தட்டச்சு செய்யுங்கள். இப்போது திரையில் 25.000க்குப் போய், அதே ஃபீடில் கடைசிக் கட். ஆழமும் ஃபீடும் டூலும் ஏறக்குறைய அதேதான், ஆகவே விலகலும் அதேதான். அது ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டது. 0.03க்காக மிக மெல்லிய கட் எடுக்கப் போனால் டூல் வெட்டாமல் வழுக்கித் தேய்க்கும், அளவு கையில் நிற்காது.

எண்கள் தானாகத் தாவுகின்றன.

எப்போது தாவுகின்றன என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். மோட்டார் ஓடத் தொடங்கும்போது என்றால் மின் இரைச்சல், பெரும்பாலும் விஎஃப்டியிலிருந்து (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) வருவது. டிஸ்பிளேயின் எர்த் திருகிலிருந்து லேத்தின் உடலுக்கு ஒரு தடித்த வயர் போடுங்கள். லேத்தே முறையாக எர்த் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேல் கேபிளை மோட்டார் கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள். எப்போதும் ஒரே இடத்தைத் தாண்டும்போது தாவினால் அந்த இடத்தில் கண்ணாடி அழுக்கு அல்லது கீறல். கேரேஜ் ஒரு எல்லைக்குப் போனால் மட்டும் என்றால் கேபிள் இழுபடுகிறது.

விரைவு மாற்று டூல் போஸ்ட்டும் டூல் ஆஃப்செட்டும்?

டிஆர்ஓவுக்கு அடுத்து எதை வாங்கலாம் என்றால், இதைத்தான் சொல்வேன். ஹோல்டரைக் கழற்றி மாட்டினால் அதே இடத்தில் உட்கார்ந்தால்தான் டிஸ்பிளேயில் உள்ள டூல் நினைவகம் பயன்படும். முதல் டூலால் ஒரு விட்டம் கடைந்து அளந்து எண்ணைப் பதியுங்கள். இரண்டாவது டூலை மாட்டி அதே விட்டத்தைத் தொட்டு அதே எண்ணைப் பதியுங்கள். அப்புறம் டூலை மாற்றும்போது அதன் எண்ணைத் தேர்ந்தால் போதும். ஹோல்டரை ஆப்பால் இறுக்கும் வெட்ஜ் வகை, பிஸ்டன் வகையைவிடப் பிடிப்பு நல்லது. வாங்கும் முன், காம்பவுண்டின் மேல்முகத்திலிருந்து ஸ்பிண்டில் மையம் வரை உள்ள உயரத்தை அளந்து அதற்கேற்ற சைஸ் எடுங்கள். கூட வரும் டி நட்டை உங்கள் ஸ்லாட்டுக்கு ஏற்ப நீங்களேதான் மில் செய்ய வேண்டியிருக்கும்.

ஹெச்எஸ்எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) டூலைத் தீட்டினால் அதற்குப் பதிந்த ஆஃப்செட் போய்விடும், மறுபடி தொட வேண்டும்.

கேரேஜ் ஸ்டாப் இனி தேவையில்லையே?

தேவை. டிஆர்ஓ காட்டும், நிறுத்தாது. ஒரே நீளத்தில் பத்து துண்டு கடைய, முட்டி நிற்கும் ஸ்டாப்பைவிட வேகமானது எதுவும் இல்லை. ஆட்டோ ஃபீடில் ஸ்டாப்பை நம்பி மோதவிடாதீர்கள்; சற்று முன்பே ஃபீடை எடுத்துவிட்டுக் கையால் கொண்டுபோய் முட்டுங்கள்.

மரை போட டிஆர்ஓ உதவுமா?

ஸ்பிண்டிலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை, ஆகவே மரை வெட்டும்போது கேரேஜை ஓட்டும் ஹாஃப் நட்டும், அதை எப்போது பூட்டுவது என்று காட்டும் த்ரெட் டயலும் வழக்கம்போலத்தான். உதவுவது எக்ஸ் அச்சில். ஒவ்வொரு பாஸுக்கும் பின்வாங்கி, திரும்ப அதே எண்ணுக்கு வந்து இன்னும் கொஞ்சம் இறங்கலாம். எம்10, 1.5 பிட்ச் வெளி மரைக்கு அடி விட்டம் 8.16 மி.மீ.; விட்டக் கணக்கில் 1.84 மி.மீ. இறங்க வேண்டும். டூலின் முனை தரத்தில் உள்ளதைவிடக் கூர்மையாக இருந்தால் இன்னும் சற்று இறங்க வேண்டியிருக்கும், எனவே கடைசி முடிவு நட்டிடம். வேகமாக ஓடும்போது இசட் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கண் டூல் முனையில் இருக்கட்டும்.

டெயில்ஸ்டாக் குவில்லுக்கு ஸ்கேல்?

மலிவான கேலிப்பர் வகையே போதும். துளையின் ஆழம் பார்க்க மிகவும் வசதி. டிரில் முனையின் கூம்பைக் கணக்கில் எடுக்க மறக்கக் கூடாது: 118 டிகிரி டிரில்லில் கூம்பின் நீளம் விட்டத்தில் சுமார் 0.3 பங்கு. முனை தொட்ட இடத்தில் ஜீரோ செய்தால் அந்த அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்பிண்டில் வேகம் காட்டும் மீட்டர்?

விஎஃப்டி உள்ள லேத்துக்குப் பயனுள்ளது. ஸ்பிண்டிலின் பின்முனையில் ஒரு சிறு காந்தம், எதிரே காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார், அவ்வளவுதான். காந்தத்தைப் பசையை மட்டும் நம்பி ஒட்டாமல் ஒரு வளையத்தில் குழி போட்டுப் பதியுங்கள். 50 மி.மீ. ஜாப்பை நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் வெட்ட சுமார் 190 சுற்று வேண்டும். பெல்ட் மாற்றும் லேத்தில் கிடைக்கும் வேகம் தட்டிலேயே எழுதியிருக்கும், மீட்டர் தேவையில்லை.

பராமரிப்பு?

கம்ப்ரஸர் காற்றை ஸ்கேல் மீது அடிக்காதீர்கள். ரப்பர் உதடுகளைத் தாண்டித் தூள் உள்ளே போய்விடும். பிரஷ்ஷும் துணியும் போதும். கேபிள் ஸ்லைடின் முழு நகர்வுக்கும் தாராளமாகத் தொங்க வேண்டும், சக்குக்கு எட்டக் கூடாது, டெயில்ஸ்டாக்கின் அடியில் சிக்கக் கூடாது. கனெக்டருக்குச் சற்று முன்னால் கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டால், வழியும் எண்ணெய் அங்கேயே சொட்டிவிடும்.